போடாத ஸ்விட்ச்

வலது தோள் மேலே ஏற மறுத்தது. சட்டைக்குள் கை நுழைக்கவே எலக்ட்ரீஷியன் தளவாய் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் பெயின்டர் ஜமால் ஒரு முனையும் அவன் ஒரு முனையுமாக ஹீட்டரைத் தூக்கிச் சுவர்ச் சட்டத்தில் மாட்டிய வலி.

மும்பை தேவ்நாரில் நாகராஜ் அண்ணாச்சியின் பட்டறை. இரும்புக் கேட்டுகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பார்கள். மழை மாதங்களில் பெயின்ட் காயாது. தின்னர் ஆவி நிறைந்த அறையில் சாதாரண ஹீட்டர் வைத்தால் பட்டறையே போய்விடும். இது கனத்த இரும்புப் பெட்டிக்குள் அடைத்தது. உள்ளே பொறி பறந்தாலும் தீ வெளியே வராது, வயரிங் ஒழுங்காக இருந்தால்.

வயர் நுழையும் துளையை இறுக்கி அடைக்கச் சாதாரண கிளாண்ட் போதும் என்றார் அண்ணாச்சி. "உள்ள எவம்லே எட்டிப் பாக்கப் போறான்?"

"நெருப்பு பாக்கும் அண்ணாச்சி. சரியானத வாங்கித் தந்தா மாட்டுதேன். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"வாய் மட்டும் இஞ்சினீயர் வாய்லே உனக்கு."

திட்டிக்கொண்டே வாங்கித் தந்தார். தளவாய் உள்ளேயும் வெளியேயும் எர்த் கொடுத்தான். மூடி உட்காரும் விளிம்பைக் கீறல் விழாமல் துடைத்து, ஒரு போல்ட்டும் விடாமல் முறுக்கினான். மிஞ்சிய துளையை இரும்பு அடைப்பால் மூடினான். கிளாண்டுக்குள் ஊற்றிய கலவை இறுகும்வரை கரண்ட் கூடாது. வாசலுக்கு வெளியே இருந்த மெயின் ஸ்விட்சை இறக்கி, தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனுக்குக் கடை கிடையாது, பெயர்ப் போர்டு கிடையாது. இந்தக் கறாருக்காகத்தான் தாராவியிலும் செம்பூரிலும் அவனைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி தேங்காயும் சூடத் தட்டுமாக வந்தார். சூடம் காட்டாமல் அவர் எந்த மெஷினையும் ஓட்டியதில்லை.

"வெளிய வச்சுக் காட்டுங்க அண்ணாச்சி. உள்ள தின்னர் ஆவி."

"மெஷினு உள்ள இருக்கு, ரோட்டுக்கா சூடம் காட்டுவாவ? வெடிக்காத மெஷினுன்னுதானலே இவ்வளவு கொட்டிக் குடுத்து வாங்கினேன்!"

"மெஷினு வெடிக்காது. ரூமு வெடிக்கும்."

"நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு. போயி பூட்டத் தெற."

தளவாய் சாவியைத் தொடவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்று சூடத்தைக் கொளுத்தினார். காற்றில் அணைந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி கொளுத்தி, தட்டோடு உள்ளே கால் வைத்தார். மூலையில் ஜமால் ஸ்பிரே துப்பாக்கியைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தான்.

தளவாய் கத்தி முடிப்பதற்குள் தரையோடு நீலமாய் ஒரு தீ ஓடியது. அண்ணாச்சிக்குப் புருவம் போயிற்று. ஜமாலுக்கு இரண்டு கையும். வலித்த அந்தத் தோளைக் கொடுத்துத்தான் தளவாய் அவனை வெளியே இழுத்துப் போட்டான்.

சூடம் கொளுத்தினேன் என்று சொன்னால் இன்சூரன்ஸ் கிடைக்காது. வயரிங் கோளாறு என்று சொன்னார் அண்ணாச்சி. ஹீட்டரும் பூட்டோடு மெயினும் அன்றைக்கே பங்கார் கடைக்கு, பழைய இரும்போடு போயின. அந்த வாரமே தளவாயின் போன் அடிப்பது நின்றது. மாட்டுங்காவில் வேலைக்குப் பேசி வைத்திருந்தவரும், "வேணாம்ப்பா, தேவ்நார் தீ லஃபடா காதுக்கு வந்துச்சு" என்று போனை வைத்துவிட்டார்.

தளவாய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஜமாலுக்கு அவன் மனைவி ஷரீஃபுன்னிசா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தா மெயின் பூட்டிக் கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லு ஜமாலு. அது போதும் எனக்கு."

"நேத்தே வந்துட்டுப் போயிட்டாருண்ணே." ஜமால் சுவரைப் பார்த்தான். "வயரிங்குன்னு எழுதிக்கிட்டு வந்தாரு. வைக்க வெரலு இல்லன்னு கால் வெரல்ல மைய உருட்டி எடுத்துக்கிட்டாவ. ஆஸ்பத்திரிக்குப் பணம் அண்ணாச்சிதான கெட்டுதாரு. நான் என்ன செய்ய?"

ஷரீஃபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இவுக உசுரு நீங்க குடுத்தது. சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம்ண்ணே."

"மறக்காம இருந்து என்னம்மா ஆவப் போவுது? சொல்லணும்லா."

ஷரீஃபுன்னிசா மறுபடி கஞ்சியை எடுத்தாள். தளவாய் இடது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினான். சட்டைப் பையில் பூட்டில்லாத சாவி.

கரண்டே போகாத ஹீட்டர் தீப்பிடித்ததாக எழுதியாயிற்று. மெயின் பூட்டியிருந்தது என்ற ஒரு சொல்லை ஜமால் இன்னும் தளவாய்க்குத் தர வேண்டும்.