பள்ளிக்கூடத்தில் யார் கழுவிவிடுவது?

வினோஜா இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். வாயில் வைக்கவில்லை. நேற்று இரவும் இப்படித்தான். நாளை பாலர் வகுப்பில் முதல் நாள். பகலில் அப்பா, இரவில் அம்மா என்று வீட்டிலேயே வளர்ந்தவள், கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்துக்குக்கூடப் போனதில்லை.

"ரீச்சருக்குப் பயமோ, குஞ்சு?" என்றாள் தாய் பிரியந்தி.

"இல்லை."

அழுகை இல்லை, அடம் இல்லை. கடைக்காரர் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"பின்னை என்ன?"

"சாப்பிட்டா கக்கா வரும். அங்க ஆர் கழுவிவிடுறது?"

தகப்பன் ரதீசன் வெடித்துச் சிரித்தான். "ஒருத்தரும் கழுவிவிட மாட்டினம். பேப்பர் இருக்கும். துடைச்சுப்போட்டு வாங்கோ, மகாராணி!"

"பேப்பரால துடைக்கிறது ஊத்தை எண்டு அம்மா சொன்னவ."

"கேட்டீரோ? உம்மட பாடம்தான்," என்றான் மனைவியிடம்.

வினோஜா தாயைப் பார்த்தாள். "நீங்கள் வேலையில என்ன செய்யிறனீங்கள்?"

பிரியந்தி தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள். புவாண்ட்-கிளேர் கிடங்கில் நாள் முழுக்கப் பொதி கட்டுகிறாள். மதியம் வெறும் தேத்தண்ணி. பசியில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வயிறே அதை நம்பிவிட்டது. அங்கே கழிப்பறையில் பேப்பர்தான்; சாப்பாடானாலும் கழிப்பறையானாலும் வீடு வந்த பிறகுதான். ரதீசனுக்குக்கூட இது தெரியாது.

"பேப்பரைக் குழாயில நனைச்சுத் துடைப்பன்," என்றாள். பொய்.

"அது ஊத்தை இல்லையோ?"

"இல்லை. தண்ணி பட்டாச் சரி. பேந்து சவுக்காரம் போட்டுக் கை கழுவோணும்."

ஒரு துண்டு இடியப்பம் வாய்க்குள் போனது. அதோடு நின்றது.

"நாளைக்கு நீங்கள் அங்க சாப்பிடுவீங்களோ?"

"ஓம்."

மறுநாள் மதியம் பிரியந்தி சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. கடைசிப் பருக்கைவரை தின்றாள். வேலை முடிய இன்னும் நேரம் கிடந்தபோது வயிறு கேட்டது. கழிப்பறைக்குப் போனாள். காகிதத்தைக் குழாயடியில் பிடித்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது, மகளும் அப்போதுதான் அப்பாவோடு வந்து கதவடியில் நின்றாள்.

"சாப்பிட்டனியோ?"

"பாதி."

"போனனியோ?"

"ஓம். பேப்பர் பிஞ்சுபோச்சு. வேற எடுத்தனான். நீங்கள்?"

"எனக்கும் பிஞ்சுதான் போச்சு."

ரதீசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

வினோஜா தலையாட்டிவிட்டுக் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.