கூரையில் ஓடிய கார்

தீப்பெட்டிக் கம்பெனி வேல்சாமி அண்ணாச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் அச்சகத்துக்குள் வந்து, தீப்பெட்டிக் கட்டொன்றை முத்துச்செல்வியின் கீபோர்டு மேலேயே வைத்தார். திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓட ஆரம்பித்தது. நாக்பூரிலிருந்து திரும்பி வந்த சரக்கு. கட்டைச் சுற்றிய தாளில் பிராண்டு பெயர் நேராக இருந்தது; உள்ளே அத்தனை பெட்டியிலும் அதே பெயர் தலைகீழாக நின்றது. அங்குள்ள மொத்த வியாபாரி போனில் பேசியதை அண்ணாச்சி திருப்பிச் சொல்லவில்லை. காது மட்டும் இன்னும் சிவந்திருந்தது.

முத்துச்செல்விக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பெயர் இந்தியில். இந்தி படிக்கத் தெரியாத கோவில்பட்டி பேக்கிங் பெண்களுக்கு எது மேல், எது கீழ் என்று சொல்வது படம்தான். படத்திலோ ஒரு ரேஸ் கார், சுரங்கப்பாதையின் கூரையில் சக்கரம் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே சாலையில் ஒரு பருத்தி லாரி.

விசாரணைக்கென்று கூட்டிவரப்பட்ட பேக்கிங் பத்திரகாளிக்கும் கோபம்தான். “ஏட்டி, காரு கவுந்து கெடந்துச்சி. நிமுத்தி வச்சோம். அதுல எங்க தப்பு என்ன?”

தப்பே இல்லை. ஆனால் தன் தப்பு என்ன என்றும் முத்துச்செல்விக்குத் தெரியவில்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோவில் வகுப்புக்கே ஒரே பெண், முதல் மார்க். வேலை கேட்டுப் போன ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் பில் போடத்தான் கூப்பிட்டார்கள். இங்கே வந்து ஆறு வருஷமாக அடுத்தவன் லேபிளில் உள்ள கிளிக்கு வால் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாள். சொந்த மண்டையிலிருந்து போட்டது இந்த ஒன்றுதான். போனில் அனுப்பியபோது இதே அண்ணாச்சிதான், கலர் நல்லா எடுப்பா இருக்கு என்று சம்மதம் சொன்னவர். இப்போது, தலைகீழாக எவன் ஓட்டுகிறான், இது என்ன சர்க்கஸா என்கிறார்.

“அந்தக் காரு எண்ணூறு கிலோ, அண்ணாச்சி. இருநூறுக்கு மேல வேகம் போனா, முன்னும் பின்னும் உள்ள எறக்கையில படுத காத்து அதைவிடக் கூடுதலா ரோட்டோட சேத்து அமுக்கும். ரோடு தலைக்கு மேல இருந்தாலும் அதே அமுக்குதான்.”

“ஆராவது ஓட்டியிருக்காவளா?”

இல்லை என்றாள். ஏன் என்றார். கவிழ்ந்தால் ஆயில் எஞ்சினுக்கு ஏறாது, அதற்குத் தோதாக எஞ்சின் செய்ய வேண்டும் என்று, படித்தவள் என்ற பாவத்துக்கு உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். மூடைக்குள் கையை விட்டு ஒரே ஒரு சொத்தை வத்தலை வெளியே எடுத்த மிளகாய் வியாபாரியின் முகம் வந்துவிட்டது அண்ணாச்சிக்கு.

“அப்ப நடக்காதுன்னு நீயே சொல்லுத.”

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. “ஒங்க பழைய லேபிள்ல சிங்கம் சைக்கிள் ஓட்டுதே, அது மட்டும் நடக்குமோ?”

“அது இருபது வருசமா வித்துருச்சி தாயி. வித்தது நடந்த மாதிரிதான்.”

காரை நிமிர்த்தச் சொன்னார். முத்துச்செல்வி மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்த ஹரி, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஒரே சொடுக்கில் திருப்பினான். கார் தரைக்கு வந்தது. பருத்தி லாரி, ஒரு பொதிகூடச் சரியாமல், கூரையில் தொங்கியது. ஹரியே தலையைச் சொறிந்தான்.

“அது சிறுசு. ஆரு பாக்கா?” என்றார் அண்ணாச்சி.

“லாரிக்கு எறக்கை கெடையாது அண்ணாச்சி,” என்றாள் முத்துச்செல்வி. அவர் அதற்குள் எத்தனை ஆயிரம் தாள் என்று ஹரியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

புதுச் சரக்குக்கு நாக்பூரிலிருந்து ஒரு புகாரும் இல்லை. இன்னொரு லோடு கேட்டார்கள். அந்த வாரம் சாயங்கால டவுன் பஸ்ஸில் பத்திரகாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“ஏட்டி, இந்த லாரி என்னத்துக்குத் தொங்குது?”

“கார நிமுத்துனதுல அது கவுந்துருச்சி,” என்றாள் முத்துச்செல்வி. பத்திரகாளி குரலைத் தணித்து, “மெய்யாவே ஓடுமாக்கும், அந்தக் காரு?” என்று கேட்டாள்.

“ஓடும். வேகம் மட்டும் கொறையக் கூடாது.”

பத்திரகாளி பெட்டியை உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் திருப்பினாள். எழுத்தெல்லாம் தலைகீழாயின. லாரி சாலைக்கு இறங்கியது. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. கார் கூரையை விடவில்லை.