சாந்து வைக்காத செங்கல்

கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சவப்பெட்டி வைக்கும் அறைகளைச் செங்கல் கட்டி அடைப்பதுதான் என் வேலை. என் மனைவியின் அறையையும் நானேதான் அடைத்தேன். ஒரு செங்கலுக்கு மட்டும் சாந்து வைக்காமல் சும்மா செருகிவிட்டேன். ஆண்டவர் உயிர்த்த அன்று கல்லறையை மூடிய கல் புரண்டு கிடந்ததாகப் பைபிளில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். இவளுக்கும் ஒரு வழி வேண்டாமா?

அன்றிலிருந்து என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. வேலைக்கு நடுவில் போய் அந்தச் செங்கலை உருவும். உள்ளிருந்து வரும் குளிர் அவள் மூச்சைப் போலவே உள்ளங்கையில் படும்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள், சாந்து குழைக்க வந்த மைத்துனன் அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, அக்காவுக்கு ஜன்னல் வச்சுக் குடுத்திருக்கீங்க?"

"அவ எழுந்து வரணும்ல."

சிரிக்க வந்தவன் அடங்கிப்போனான். "ஆண்டவரு பூட்டின வீட்டுக்குள்ளயே வந்து நின்னவரு மாமா. உங்க ஒத்தச் செங்கலா அவரைத் தடுக்கப் போகுது? உங்களுக்குத்தான் அக்காவை விட மனசில்ல."

அந்தச் செங்கலை உருவினேன். கரண்டியில் சாந்தை அள்ளினேன். இடுக்கிலிருந்து வந்த குளிர் என் விரல்களைச் சுற்றிக்கொண்டது.

"நான் எழுப்ப முடியாதுடி. அவரு வந்து கூப்பிடுவாரு. அதுவரைக்கும் தூங்கு" என்று சொல்லிச் செங்கலை அழுத்தினேன்.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டது போலிருந்தது. மைத்துனனுக்கும் கேட்டிருக்க வேண்டும். சாந்துக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டான்.