மூன்று லோரி மேல்மண்

பிரிக்பீல்ட்ஸில் நல்ல மண் என்று எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் செங்கல்லாகிப் போய் கோலாலம்பூரில் கட்டடங்களாக நின்றுகொண்டிருந்தது. மிச்சம் கிடந்தது களி. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயில் அடித்தால் காலைக் கிழிக்கும். ரயில்வே குவாட்டர்ஸின் கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த பாத்தி மண் மட்டும் வேறு. அது ஆண்டவன் படைத்ததல்ல, இராஜம்மா படைத்தது.

எட்டு வருஷம் படைத்தாள். மாட்டுக் கொட்டகைகளிலிருந்து சாணம், ரயில் ஷெட்டிலிருந்து அவள் புருஷன் ரெங்கசாமி சாக்கில் கொண்டுவந்த சாம்பல், வாய்க்காலோரம் அழுகிய இலை, அண்டை வீட்டு மீன் முள் என்று எதையும் விடவில்லை. ஒரு சாண் ஆழத்துக்கு மண் கருத்து, பொலபொலத்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்தது. 'குப்பைக்காரி' என்று சிரித்தவர்கள், ஜப்பான்காரன் வந்து அரிசியைக் கண்ணில் காட்டாமல் செய்த பிறகு அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் அவளுடைய இரண்டு பெண்களும் அக்கம்பக்கத்து மூன்று வீடுகளும் அந்தப் பாத்தியின் கீரையிலும் மரவள்ளியிலும்தான் உயிரோடிருந்தார்கள்.

அப்போது 1943. அதை 2603 என்று சொல்லவேண்டும் என்பது உத்தரவு. ஒரே ராத்திரியில் காலண்டருக்கு அறுநூற்று அறுபது வயது கூடியிருந்தது. அந்தக் கணக்கை ஊரிலேயே முதலில் பழகிக்கொண்டவர் ராதாகிருஷ்ணன் கிராணி. வெள்ளைக்காரத் துரையிடம் குமாஸ்தாவாக இருந்து அவருடைய பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். இப்போது அதே பங்களாவை எப்போதாவது வந்து தங்கும் ஜப்பானிய அதிகாரிக்காகப் பார்த்துக்கொண்டார். குனிவதில் மட்டும் சிறு மாறுதல். முன்பு கழுத்தோடு நிறுத்திக்கொண்டது இப்போது இடுப்புவரை இறங்கியிருந்தது. ஜப்பானிய வார்த்தைகள் நாற்பது கற்றிருந்தார். அதில் முப்பது 'சரி' என்பதன் வெவ்வேறு வகைகள்.

அவருக்குக் கையெழுத்து அழகு. அந்த அழகான கையெழுத்தில்தான் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் அனுப்பும் பட்டியலை எழுதினார். மூன்றாவது பெயர் ரெங்கசாமி. 'மூணே மாசம்' என்றார். ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

பங்களாவின் முன்னால் இருந்த புல்தரையைக் குண்டுக்குப் பயந்து துரைமார் பதுங்குகுழியாகத் தோண்டிவிட்டுக் கப்பலேறியிருந்தார்கள். குழியைக் களியால் மூடியாகிவிட்டது. அதன்மேல் புல் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், பச்சைப் புல்தரையில் நின்று தேநீர் குடிக்கப்போகிறார் என்று கிராணி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மண்ணைப் பற்றிக் கிராணிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கருப்பாக இருந்தால் நல்ல மண். ஆகவே கிள்ளானுக்கு அப்பால் கடலோரச் சதுப்பிலிருந்து மூன்று லோரி மண் தருவித்தார். மை போலக் கருப்பு. ஓட்டிவந்த வேலாயுதம் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினான்.

"புளிக்குதுங்க கிராணியாரே. புல்லு பிடிக்காது."

"உன்னை மண்ணைத் தின்னச் சொன்னேனா? கொட்டச் சொன்னேன்."

கொட்டினார்கள், புல் நட்டார்கள். பதினோராம் நாள் புல் முழுக்க வைக்கோல். கிள்ளான் மண்ணை வாரிப் பங்களாவின் பின்புறம் குவித்துவிட்டு, கிராணி இராஜம்மாவின் பாத்திக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே வேலாயுதத்தின் லோரி, கரிப்புகையைக் கக்கிக்கொண்டு.

"இராஜம்மா, உனக்கு ஒரு பெருமை வந்திருக்கு."

"வேணாங்க. போன தடவை வந்த பெருமை எங்க வீட்டுக்காரரை சயாமுக்குக் கூட்டிட்டுப் போச்சு."

கிராணி அதைக் காதில் வாங்காமல், பிரம்பு முனையால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். "கருப்பாத்தான் இருக்கு. மூணு லோரி எடுத்துக்கறோம்."

"மூணு லோரியா? இங்க இருக்கிறதே அவ்வளவுதாங்க. அதுக்குக் கீழ களிதான்."

"களியில நீ கிழங்கு போட்டுக்க."

இராஜம்மா பாத்தி நடுவில் போய் உட்கார்ந்தாள். மெதுவாக, அரிசி புடைக்க உட்காருகிறவளைப் போல.

"குவாட்டர்ஸ் சுவத்துல நோட்டீசு மாட்டியிருக்கீங்களே. காலி நிலத்துல எல்லாம் சாப்பாட்டுப் பயிர் போடணும், மீறினா தண்டனைன்னு. நீங்கதானே ஆணி அடிச்சீங்க? சாப்பாட்டு மண்ணை எடுத்துப் புல்லுக்குப் போடச் சொல்லி அதுல எங்க இருக்கு?"

"அது பொதுமக்களுக்கு" என்றார் கிராணி. "எந்திரி. இல்லேன்னா அடுத்த லிஸ்ட்டுல உன் பேரு."

"எழுதுங்க. உங்க கையெழுத்து நல்லாயிருக்கும்னு ஊரே சொல்லுது."

கிராணி காதுவரை சிவந்தார். அடுத்து அவர் குரலைத் தாழ்த்திப் பேசியதில் 'மிலிட்டரி போலீஸ்' என்ற வார்த்தையும், 'ரெண்டு பொம்பளப் புள்ளைங்க' என்ற வார்த்தையும் இருந்தன. வேலாயுதம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அக்கா, எந்திரிங்க. இந்த ஆளு சொன்னா செய்வான்."

இராஜம்மா எழுந்தாள். முந்தானையில் ஒட்டிய மண்ணை ஒரு துகள் விடாமல் பாத்தியிலேயே உதறினாள்.

"சரிங்க கிராணியாரே. எடுக்கிறதுன்னா முறையா எடுங்க. என் மண்ணுல கீரை விதை கிடக்கு. சலிச்சு, ஒரு ஓரமாக் குவிச்சு, தண்ணி தெளிச்சு வைங்க. முளைக்கிறதைப் பிடுங்கிப் போட்டுட்டு அப்புறமாப் புல்லு நடுங்க. பதினஞ்சு நாள் ஆகும்."

"பதினஞ்சு நாளா? இருபத்தஞ்சு நாள்ல பெரியவர் வர்றாரு. சலிக்க இது என்ன கோதுமை மாவா?" கிராணி பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எனக்கு நீ தோட்டம் சொல்லித் தராதே. துரை காலத்துலேருந்து தோட்டம் பார்த்தவன் நான்."

அது உண்மைதான். வராந்தாவில் நாற்காலி போட்டுப் பார்த்திருந்தார்.

நல்ல வார்த்தையைச் சொல்லியாகிவிட்டது, இனி தன்மேல் குற்றமில்லை என்று இராஜம்மாவுக்குத் தோன்றியது. உள்ளே போய் அடுப்புமேல் பரணிலிருந்த பால் டின்னை எடுத்தாள். மூன்று போகமாகச் சேர்த்த கீரை விதை அதில் இருந்தது, கடுகைவிடச் சிறிசாக. அது அடுத்த வருஷச் சோறு. கிராணி முதுகைக் காட்டி நின்று லோரி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வேலாயுதம் வெட்டிப் போட்டிருந்த ஒவ்வொரு மண் குவியலுக்கும் அவள் இரண்டு பிடி வீசினாள். டின்னின் அடியில் ஒரு விரற்கடை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வேலாயுதம் பார்த்துவிட்டான். மண்ணை நன்றாகப் புரட்டிப் புரட்டி லோரியில் ஏற்றினான். அவ்வளவு அக்கறையாக அவன் வேலை செய்து கிராணி பார்த்ததில்லை. பாராட்டக்கூடச் செய்தார்.

களியில் நட்ட கிழங்கு துளிர்த்து, நின்று, சுருண்டது. நான்கு வீட்டுச் சட்டியிலும் தண்ணீர் கூடியது. சின்னவள் சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கப் பழகினாள். இராஜம்மா தினமும் பங்களாவை ஒட்டிய பாதையில் விறகு பொறுக்கப் போனாள். அந்தப் பாதையில் விறகே கிடையாது.

பங்களாவில் கிராணி சந்தோஷமாக இருந்தார். நடுவில் இடம் விட்டு விட்டு நட்ட புல், ஐந்தாம் நாளே இடைவெளியெல்லாம் பச்சை கட்டிவிட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு வில்லை போன மாதம் உடைந்துபோயிருந்தது, மாற்ற ஊரில் வழியில்லை. வராந்தாவிலிருந்து பார்க்கும்போது பச்சையெல்லாம் புல்தான். யாரும் கால் வைக்கக்கூடாது என்று சுற்றிக் கயிறு கட்டினார். காலையும் மாலையும் தோட்டக்காரனைத் தண்ணீர் விடச் சொன்னார். அந்தத் தோட்டக்காரனையும் பத்தாம் நாள் சயாம் பட்டியலில் எழுத வேண்டிவந்தது, எண்ணிக்கை ஒன்று குறைந்ததால்.

பதினெட்டாம் நாள் புல் முழங்காலை நெருங்கியது. இவ்வளவு உயரமான புல்லைத் துரை காலத்தில் பார்த்த ஞாபகம் கிராணிக்கு இல்லை. கயிற்றைத் தாண்டி இறங்கி, ஒன்றைப் பிடுங்கி, வில்லை உடையாத கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

அடுத்த அரை மணி நேரத்தில் இராஜம்மாவின் வாசலில் நின்றார்.

"நாலு ஆளைப் பிடிச்சுக்கிட்டு வா. அத்தனையையும் பிடுங்கணும்."

"ஆளா? எங்கேருந்துங்க?" இராஜம்மா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "ஆம்பளைங்களை எல்லாம்தான் நீங்க எழுதி அனுப்பிட்டீங்களே."

"அப்ப நீ வா."

"மண்ணு?"

"என்ன மண்ணு?"

"என் மண்ணைக் கொண்டாந்து போடுங்க. வந்து பிடுங்கறேன்."

"திமிரா? இதை மேல சொன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"சொல்லுங்களேன். சலிக்காத மண்ணை எடுத்தது யாரு, கயிறு கட்டித் தண்ணி விட்டுக் கீரை வளர்த்தது யாருன்னு அவங்களும் கேப்பாங்கல்ல. நானும் வரேன், சேர்ந்தே சொல்லுவோம்."

கிராணி பிரம்பை மறு கைக்கு மாற்றினார். முப்பது 'சரி'யில் ஒன்றும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. போய்விட்டார். பிறகு ஒரு வாரம் தனியாகக் குனிந்து பிடுங்கிப் பார்த்தார். காற்சட்டை முட்டி தேய்ந்தது, கீரை தேயவில்லை.

பெரியவர் வரும் நாள் காலையில் இராஜம்மா தலைவாரி, பெரிய கூடையும் அரிவாளும் எடுத்துக்கொண்டு, பங்களாவின் முன்வாசல் வழியாக நடந்தாள். பின்வாசல் ஒன்று இருந்தது. கூலிகள் அந்த வழியாகத்தான் வரவேண்டும் என்று வெள்ளைக்காரன் வைத்த சட்டத்தை ஜப்பான்காரனும் மாற்றவில்லை. காவல்காரச் சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். அவள் வெறும் கூடையைக் காட்டினாள், பிறகு கீரையைக் காட்டினாள். வயல் பார்த்து வளர்ந்தவன் போலிருக்கிறது, துப்பாக்கியை விலக்கிக்கொண்டான். அவள் நடுத்தோட்டத்துக்குப் போய்க் குனிந்து அறுக்க ஆரம்பித்தாள்.

கார் உள்ளே வந்தபோது அவள் நிமிரவில்லை. கிராணி வராந்தா படியில் உறைந்து நின்றார். இறங்கிய பெரியவர் குள்ளமானவர், பூட்ஸ் பெரிது. தோட்டத்தில் ஒருத்தி குனிந்திருப்பதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். அவள் குனிந்திருந்தது கீரைக்கு.

பெரியவர் ஏதோ கேட்டார். கிராணியின் நாற்பது வார்த்தைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பெரியவர் பொறுமையிழந்து, அரைகுறை மலாயில் அவளையே கேட்டார்.

"என்ன இது?"

இராஜம்மா நிமிர்ந்தாள். "பாயாம், துவான். சாப்பிட." மலாயில் பாயாம் என்றால் கீரை, துவான் என்றால் துரை. பிறகு காலடியைக் காட்டி, அதே மலாயில் சொன்னாள்: "மண்ணு என்னோடது."

பெரியவர் மண்ணைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், வாசல் சுவரிலும் கிராணியே ஆணியடித்திருந்த உணவுப் பயிர் நோட்டீசைப் பார்த்தார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த உத்தரவு சுவரில்தான் இருந்தது, நிலத்தில் இல்லை. இங்கேதான் முதல்முறையாக, அதிகாரியின் பங்களா வாசலிலேயே, முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அவர் திருப்தியாக ஒரு சொற்பொழிவு செய்தார். பின்னால் வந்த காரிலிருந்து அப்போதுதான் இறங்கிய மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொன்னார்:

"தன் புல்தரையையே உணவு நிலமாக்கிய கிராணியைத் தளபதி பாராட்டுகிறார். இது இப்படியே இருக்க வேண்டும். ஒரு கீரை குறைந்தாலும் கிராணி பொறுப்பு. ஆள் பற்றாக்குறையால் கிராணியே பயிரிடுவார். மண் கொடுத்த இந்தப் பெண் தினமும் வந்து சொல்லிக்கொடுத்து, தன் பங்கை எடுத்துப் போவாள்."

கிராணி இடுப்புவரை குனிந்தார். அந்தக் குனிவு நிமிரச் சில மாதங்கள் ஆயிற்று, ஏனென்றால் மறுநாளே மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இராஜம்மா தினமும் முன்வாசல் வழியாக வந்தாள். "ஆழமா வெட்டுங்க கிராணியாரே, வராந்தாவுல உட்கார்ந்த முதுகு அப்படித்தான் வலிக்கும்" என்று சொல்லிக்கொடுத்தாள். கீரையை அறுக்காமல் வேரோடு எடுத்தாள். வேரோடு ஒரு சாண் மண்ணும் கூடைக்குள் போனது. மேலே கீரை, கீழே மண். காலியான இடத்தைப் பின்புறக் குவியலிலிருந்து கிராணியையே கூடை சுமக்கவைத்து நிரப்பினாள். நல்ல கருப்பான கிள்ளான் மண்.

மூன்றாம் நாளே கிராணிக்கு விளங்கிவிட்டது. வாசலில் வழிமறித்தார்.

"கூடை என்ன இவ்வளவு கனக்குது?"

"கீரைங்க."

"கீரையா இவ்வளவு கனம்?"

"நல்ல மண்ணுல விளைஞ்சதுங்க. நீங்கதானே தேடிப் பிடிச்சீங்க." அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "சந்தேகம்னா சிப்பாயைக் கூப்பிடுங்க, கொட்டிக் காட்டறேன். எந்தக் கூடையில எந்த மண்ணு எங்கேருந்து போச்சுன்னு முதல்லேருந்து பேசுவோம்."

சிப்பாய் இருவரையும் பார்த்தான். கிராணி நகர்ந்து வழிவிட்டார்.

நாற்பது நாளில் குவாட்டர்ஸுக்குப் பின்னால் பாத்தி கணுக்கால் அளவுக்கு எழும்பியது. பால் டின்னில் மிஞ்சியிருந்த ஒரு விரற்கடை விதையை அதில் தூவினாள். பங்களா வாசலில் கிள்ளான் மண்ணில் மறுபடி விதைத்த கீரை பழுத்து, சுருண்டு, நின்றபோது, கிராணி ஒரு பிடி மண்ணை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

புளித்தது.