முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் கொலை

முதல் பக்கத்திலேயே பிணம் விழாத கதையைக் கெங்கம்மாள் கதை என்று ஒப்புக்கொள்வதில்லை. அவள் மருமகள் வரலட்சுமிக்கோ குடும்பக் கதைதான் கதை. முந்தானையால் கண்ணைத் துடைக்க வைக்காத எழுத்துக்கு மை தண்டம் என்பாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வாரப் பத்திரிகை ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வந்ததும் நடுவில் குத்தியிருக்கும் பின்னைக் கழற்றி, அவரவர் தொடர்கதையை அவரவர் உருவிக்கொள்வார்கள். தொடர் முடிந்ததும் பைண்டிங். இந்த ஏற்பாட்டால் சண்டை சமையலறையோடு நின்றிருந்தது.

எண்பத்தேழு கார்த்திகையில் இரண்டு தொடரும் ஒரே வாரத்தில் முடிந்தன. அச்சகத்தார் புண்ணியத்தில், குடும்பக் கதையின் கடைசிப் பக்கம் இருந்த தாளின் பின்பக்கத்திலேயே கொலைக் கதையின் கடைசிப் பக்கம்.

வரலட்சுமி அந்தத் தாளை உருவி மடியில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டாள்.

"குடுமே. என் கொலைகாரன் அதுலதான் கீறான்."

"என் கதையில புருஷனும் பொண்டாட்டியும் சேந்தாங்களான்னு இதுலதான் கீது அத்தே. குடுக்க மாட்டேன்."

ஒருத்திக்கு மகனும் மற்றவளுக்குக் கணவனுமான உலகநாதன், சைக்கிளில் ஆவடி ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்தான். எல்லாக் கடையிலும் இதழ் தீர்ந்திருந்தது. "பூவா தலையா போட்டுப் பாத்துடலாமா?" என்றான். இரண்டு பெண்களும் பார்த்த பார்வையில் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

"உங்க பக்கத்த நான் கையால எழுதித் தர்றேன். ஒரு புள்ளி விடாம" என்றாள் வரலட்சுமி.

"கையால எழுதுனா கொலை மாறியா இருக்கும்? மளிகை லிஸ்ட்டு மாறி இருக்கும்."

"படிச்சுப் பாருங்க. புடிக்கலன்னா தாள நீங்களே எடுத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே பகீரென்றது. ஆனாலும் பேனாவை எடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கொலைக் கதை படித்தாள். பாதியில் பேனா நின்றது. டாக்டர்தான் கொலைகாரன் என்று மாமியார் தெருக்குழாய் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இங்கே விஷயம் வேறாக இருந்தது. மாற்றி எழுதிவிடலாம். ஆனால் ஒரு புள்ளி விடாமல் என்று சொன்னது சொன்னதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, முத்து முத்தாக எழுதி முடித்தாள்.

கெங்கம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "'ஆமாம், காபியில் விஷம் கலந்து என் மாமியாரைக் கொன்றது நான்தான். எனக்குத் துளியும் வருத்தமில்லை...'"

மருமகளின் கையெழுத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"டாக்டரு இல்லியா?"

"மருமவதான் அத்தே."

"நீயா எழுதிக்கினியா?"

வரலட்சுமி அச்சுத்தாளைத் திருப்பிக் காட்டினாள். கெங்கம்மாள் இரண்டிலும் விரல் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். பிறகு அச்சுத்தாளை மருமகள் பக்கம் தள்ளினாள்.

"இத நீயே வச்சிக்க. அச்சுல படிச்சா சும்மா கதை. உன் கையெழுத்துல படிச்சா நெசக் கொலையா கீது. இத்தினி வருசத்துல இப்படி ஒரு கொலைய நான் படிச்சதே இல்ல. நீ எழுதுனதத்தான் பைண்டு பண்ணப் போறேன்."

வரலட்சுமி தாளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சந்தோஷம் தாங்காமல் எல்லாருக்கும் காபி கலந்து எடுத்து வந்தாள்.

கெங்கம்மாள் தன் தம்ளரை, கொல்லையிலிருந்து வந்த மகனிடம் நகர்த்தினாள்.

"நைனா, நீ ஒரு வாய் குடி மொதல்ல."