பதினைந்தாவது மணி நேரம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாக ஆரம்பித்ததல்ல. அமெரிக்காவின் டொலிடோ பெருநகர வட்டாரத்தில் வேலையின்மை எப்படிப் போகிறது என்று அலுவலகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டியிருந்தது. நான் அந்தக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவன். முதல் வரி இப்படி வந்தது:

"ஏப்ரலில் வேலையின்மை விகிதம் 6.5-லிருந்து..."

அதற்கு மேல் கை ஓடவில்லை. என் பட்டியலில் இருக்கும் லொரெட்டா நோவிட்ஸ்கி குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

2.

வேறு தொடக்கம்: "கண்ணாடித் தொழிற்சாலையை மூடிய அன்று லொரெட்டா கண்ணீரோடு..."

[பொய். அவர் அழவில்லை. இருபத்தாறு வருட வேலை போன மறுநாளே, ஐம்பத்தேழு வயதில், வெல்டிங் வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். அடித்துவிட்டேன்.]

வகுப்பு இலவசம், செப்டம்பரில் தொடங்கும். ஒரே நிபந்தனை, வட்டார வேலையின்மை விகிதம் 6.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் நிதி நின்றுவிடும். அது லொரெட்டாவுக்கும் தெரியும். மாதாமாதம் விகிதத்தை எனக்கு முன்பே படித்துவிடுவார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்*.

3.

அவர் கணவர் வெர்னன் வீட்டு முன்னறையில் தூண்டில் புழு விற்கிறார். ஆற்றில் மீன் ஏறும் பருவம், நல்ல வியாபாரம். சமையலறை மேசையில் என் படிவத்தை விரித்தேன்.

"போன வாரம் சம்பளம் இல்லாம குடும்பக் கடையில வேலை பாத்தீங்களா?"

"பாக்காம? அந்தாளு தனியா இருந்தா மீனே வந்து புழுவத் திருடிட்டுப் போயிரும்."

"எத்தனை மணி நேரம்?"

"பதினாறு."

முன்னறையிலிருந்து வெர்னன் குரல் கொடுத்தார்: "பதினாலுடி! கூட்டிச் சொல்லாத."

"யோவ், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம், புழுத் தொட்டி தானா குளிச்சிக்கிச்சா?"

"கடை பூட்டியிருந்துச்சு. தொட்டி கழுவுறதெல்லாம் வேலையா?"

"கேட்டியா கண்ணு? காசும் கிடையாது, பேரும் கிடையாது. நான் ஒருநாளும் சும்மா உக்காந்தவ இல்ல. பதினாறுன்னு எழுது."

ஒரு தடவை திருப்பிக் கேட்க எனக்கு அனுமதி உண்டு. கேட்டேன்.

"பதினாறு. ஏன், நான் பொய் சொல்வேனா?"

* விதி இது: சம்பளமே இல்லாவிட்டாலும், குடும்பக் கடையில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமாவது உழைத்தவர் எங்கள் கணக்கில் 'வேலையில் இருப்பவர்'. பதினாலு என்றால், வேறு வேலையும் தேடுகிறார் என்பதால், 'வேலையற்றவர்'. பதில் சொல்பவரிடம் இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் என் வேலை போகும். அப்புறம் வேறொருவர் வந்து என்னை எண்ணுவார்.

4.

ஒருவர் பதிலில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பீர்கள். எங்கள் பட்டியலில் ஒவ்வொருவரும் சில நூறு பேருக்காகப் பேசுகிறார்கள். விகிதமோ விளிம்பில் நிற்கிறது.

முடிவு அ: பதினாலு என்று எழுதுகிறேன். வகுப்பு பிழைக்கலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை வெர்னனோடு சேர்ந்து நானும் இல்லை என்று சொன்னவனாவேன்.

முடிவு ஆ: பதினாறு. விகிதம் 6.4. 'வேலையின்மை குறைந்தது' என்று நானே தலைப்புப் போடுவேன். வழக்கம்போல முதலில் படிப்பவர் லொரெட்டா. படித்ததும் அவர்—

[இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.]

5.

பின்கதவு ஆணியில் புதுத் தோல் கையுறை தொங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"வெல்டிங்குக்குக் கண்ணு. முன்னாடியே வாங்கிட்டேன், தள்ளுபடியில கெடச்சுது. வகுப்பு நடக்கும்ல?"

படிவத்தில் மணி நேரக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. லொரெட்டா சொன்னதை நீங்களும் கேட்டீர்கள், வெர்னன் சொன்னதையும் கேட்டீர்கள். விதியை அவர்களிடம் சொல்ல எனக்குத்தான் தடை; உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை லொரெட்டா தொட்டி கழுவியது வேலையா, இல்லையா?

இந்தாருங்கள் பேனா. அவர் காப்பி ஊற்றப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதிவிடுங்கள்.