முதல் வரிசை

அந்த மருத்துவமனையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எல்லாரும் கூப்பிடுவது ஒயர் அக்காவைத்தான். பெரிய டாக்டரம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார். நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்தால் என்ன தப்பு?

அன்று காலை ஒன்பது மணிக்கு அந்தத் தலைக்கனம் தவிடுபொடியானது. பதினொரு மணிக்கு ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு இதய ஆபரேஷன். வேறொரு ஊரில் இருக்கும் நிபுணர் வீடியோவில் பார்த்தபடியே கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வார். ஒத்திகையிலேயே படம் உறைந்து நின்றது, குரல் துண்டு துண்டாக வந்தது.

"பத்தரைக்குள்ள சரியாகலேன்னா குழந்தைய ஆம்புலன்ஸ்ல அனுப்பிடுவேன். ஆறு மணி நேரப் பயணம். அது தாங்குமான்னு தெரியல," என்றார் டாக்டரம்மா. "பெரிய நெட் லைன் வாங்கணுமா?"

"பத்தரை வரைக்கும் டைம் குடுங்க மேடம்."

அவள் தன் அறைக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். லைன் பாதி காலி. அப்புறம் எங்கே முட்டுகிறது? வரிசைப் பட்டியலைத் திறந்ததும் விஷயம் புரிந்தது.

நெட்வொர்க்கில் எதுவும் முழுசாகப் போவதில்லை, துண்டு துண்டாகத்தான் போகும். எக்ஸ்ரே படத்தில் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேரலை வீடியோவுக்கு அந்த அவகாசம் கிடையாது. தாமதமாக வந்த துண்டும் வராத துண்டும் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் லைனில் ஒரு சிறு பங்கை 'முதல் வரிசை' என்று ஒதுக்கி, அதில் வருவதை முந்திப் போகவிட்டு, மிஞ்சியதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கியெறியும்படி அவளே வைத்திருந்தாள். அந்தச் சின்னப் பங்குக்குள் இப்போது பதினான்கு பேர் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடை, கேன்டீன் டிவி, டாக்டரம்மாவின் அறை. யார் வந்து கத்தினாலும் 'சரி, ஒழியட்டும்' என்று ஏற்றிவிட்டவள் அவள்தான்.

ஆபரேஷன் தியேட்டரை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். டாக்டரம்மாவின் அறையைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியாக நின்றது எக்ஸ்ரே அறை.

அங்கே வேலை செய்பவர் அவள் கணவர். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த அவருடைய முதல் பிறந்தநாளுக்கு யாருக்கும் சொல்லாமல் அவள் கொடுத்த பரிசு அது. மற்றவர்கள் சட்டை வாங்கித் தருவார்கள், இவள் முதல் வரிசையில் இடம் தந்தாள். ஐந்து வருடமாக, "என் ரூம்ல மட்டும் படம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள போகுது பாரு" என்று அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

போன் போட்டாள். "உங்கள முதல் வரிசையிலருந்து எடுக்கப் போறேன்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நான்தான் பண்ணேன், அஞ்சு வருஷம் முன்னாடி." ஆபரேஷன் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள்.

"இனிமே ஒரு படம் போக எவ்வளவு நேரமாகும்?"

"இருபது செகண்ட்."

"வீட்ல குளிக்கப் போனீன்னா அரை மணி நேரம் வெளிய நிக்கிறேன். இத நிக்க மாட்டேனா? எடு."

பத்து இருபதுக்கு மறுபடி ஒத்திகை நடந்தது. நிபுணரின் சட்டைப் பொத்தானை எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு.

ஆபரேஷன் இரண்டே கால் மணி நேரம் நடந்தது. அவள் திரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முதல் வரிசையில் ஒரு துண்டுகூடத் தொலையவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது.

டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கியபடி வந்தார். "புதுசா என்ன வாங்கிப் போட்டீங்க?"

"ஒண்ணும் வாங்கல மேடம். எல்லாரையும் இறங்கிப் பின்னாடி நிக்கச் சொன்னேன்."

"என்னையுமா?"

"உங்களையும்தான்."

டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எக்ஸ்ரே அறையைத் தாண்டும்போது உள்ளே சத்தம் கேட்டது. கை உடைந்த ஒருவர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் படம் உடனே டாக்டர்கிட்ட போயிடும். இப்ப என்ன இழு இழுன்னு இழுக்குது?"

அவள் கதவோரம் நின்றுவிட்டாள். கணவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"காலையில ஒரு குழந்தையோட ஆபரேஷனுக்கு வழி விட்டோம்ங்க. இனிமே எப்பவும் ஆபரேஷனுக்குத்தான் முதல் வழி. அப்படி வெச்சது என் பொண்டாட்டி," என்றார் அவள் கணவர். கண் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. சட்டென்று மேசையைத் தட்டினார்.

"போயிடுச்சு! இருபது செகண்டுன்னு அவ சொன்னா, பத்தொம்போதுலயே போயிடுச்சு, பாத்தீங்களா?"